அசட்டு வேடத்தில் ஒரு சாட்சி

1952 மார்ச் 26. வாஷிங்டனில், கம்யூனிஸ்ட் தொடர்புகளைத் துருவிக்கொண்டிருந்த அமெரிக்க செனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழு மூடிய அறையில் கூடியிருந்தது. சாட்சி நாற்காலியில் 30 வயதுப் பெண் ஒருவர். நாளை எண்ணிப் பார்த்தால், அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்து ஓராண்டு நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது. பெயர் ஜூடி ஹாலிடே. கண்ட கண்ட அமைப்புகளுக்கெல்லாம் தன் பெயரை ஏன் கொடுத்தார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கு நடுவே செனட்டர் வாட்கின்ஸ், இப்போதாவது கவனமாக இருக்கிறீர்கள் அல்லவா என்றார். கவனமா, எவ்வளவு கவனம் என்கிற தொனியில் பதில் வந்தது. அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: இப்போதெல்லாம் புற்றுநோய், போலியோ, பெருமூளை வாதம் போன்றவற்றுக்குத் தவிர வேறு எதற்கும் சரி என்று சொல்வதில்லை.

நன்கொடை திரட்டும் மருத்துவ அமைப்புகளைத்தான் சொன்னார். வாக்கியம் நின்ற விதத்தில் நோய்களுக்கே சம்மதம் கொடுப்பவர் போல ஒலித்தது. எழுத்தில் படித்தாலே சிரிப்பு வருகிறது. அந்தக் குரலில் கேட்டவர்கள் எப்படி இறுக்கமாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் வியப்பு.

இந்த விசாரணை பின்னால் ஒரு கதையாகிவிட்டது. திரையில் அசட்டுப் பெண்ணாக நடித்தவர் செனட்டர்கள் முன்னாலும் அதே அசட்டு வேடத்தைப் போட்டு அவர்களை ஏமாற்றினார், ஒருவர் பெயரையும் காட்டிக்கொடுக்காமல் எழுந்து வந்தார் என்று கதை போகிறது. பெரும்பகுதி உண்மை. ஆனால் இப்படிச் சொல்லும்போது அது ஒரு சாமர்த்தியக் கதையாகச் சுருங்கிவிடுகிறது. அந்த அறையில் நடந்ததைப் புரிந்துகொள்ள, அவர் அந்த அசட்டுத்தனத்தை எங்கே, எவ்வளவு நாள் செதுக்கினார் என்பதைப் பார்க்க வேண்டும். அது யாருடைய பணத்தின் நிழலில் நின்று பலித்தது என்பதையும் சேர்த்துத்தான்.

சுவிட்ச்போர்டு முன் உட்கார்ந்த பெண்

1921 ஜூன் 21 அன்று நியூயார்க்கில் பிறந்தபோது அவர் ஜூடித் டூவிம். எபிரேயத்தில் திருநாட்களைக் குறிக்கும் ‘யாமிம் டோவிம்’ என்ற தொடரின் வால்தான் அந்தக் குடும்பப் பெயர். பின்னால் ஹாலிடே என்று மாற்றிக்கொண்டது ஒரு வகையில் மொழிபெயர்ப்பு. தந்தை யூத அமைப்புகளுக்கும் சோஷலிச அமைப்புகளுக்கும் நிதி திரட்டியவர். தாய் பியானோ ஆசிரியை. இருவரும் பிரிந்தபோது குழந்தைக்கு ஆறு வயது. கூட்டம், கையெழுத்து, நன்கொடை, துண்டறிக்கை எல்லாம் அந்த வீட்டில் காய்கறி வாங்குவது போல அன்றாடக் காரியங்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பள்ளிப் பருவத்தில் எடுத்த அறிவுத்திறன் சோதனையில் 172 வந்தது என்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் தவறாமல் எழுதுகிறார்கள். இந்த எண்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு பெண் நகைச்சுவை நடிகை புத்திசாலி என்று நிறுவ ஓர் எண் தேவைப்பட்டது என்பதே எரிச்சலூட்டுகிறது. இருந்தாலும் அந்த எண் இந்த வழக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பள்ளி முடித்ததும் கிடைத்த வேலை, ஆர்சன் வெல்ஸின் மெர்க்குரி தியேட்டரில் டெலிபோன் சுவிட்ச்போர்டு. நாடகக் குழுவின் உள்ளே இருந்தார், ஆனால் மேடையில் இல்லை. வரும் அழைப்புகளைச் செருகி எடுத்துக்கொண்டிருந்தார். நடிகையாக வேண்டும் என்ற ஆசையும் அப்போது இல்லை. எழுதவோ இயக்கவோதான் நினைத்திருந்தார்.

திருப்பம் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் வந்தது. வில்லேஜ் வேன்கார்டு என்ற நிலவறை விடுதியில் பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன், இன்னும் இருவரோடு சேர்ந்து ‘ரெவ்யூவர்ஸ்’ என்ற குழுவாக மேடையேறினார். மற்றவர்கள் எழுதியதை நடிக்க உரிமைத்தொகை கட்ட வேண்டும், கையில் காசில்லை. ஆகவே தாங்களே எழுதினார்கள். செய்தித்தாள், ஹாலிவுட், அரசியல் எல்லாவற்றையும் கிண்டலடிக்கும் சிறு காட்சிகள். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற இளைஞர் சில இரவுகளில் வந்து பியானோ வாசித்துவிட்டுப் போவார். ஒரு வரியில் எந்தச் சொல்லுக்குச் சிரிப்பு வரும், அந்தச் சொல்லுக்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அந்த நிலவறையில்தான் இரவு இரவாக அளந்து பழகினார்.

மூன்று நாளில் ஒரு பில்லி

கார்சன் கேனின் எழுதிய ‘பார்ன் யெஸ்டர்டே’ நாடகத்தின் நாயகி பில்லி டான். முரட்டுப் பழைய இரும்பு வியாபாரி ஹாரி பிராக்கின் காதலி. பிராக், செனட்டர் ஒருவரை விலைக்கு வாங்க வாஷிங்டன் வருகிறான். பில்லியின் பேச்சு நாலு பேர் முன்னால் எடுபடாது என்று, அவளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்க ஒரு பத்திரிகையாளனை அமர்த்துகிறான். அவள் படிக்க ஆரம்பிக்கிறாள். வினை அங்கே தொடங்குகிறது. பிராக் தன் தொழில்களைச் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைக்க அவள் பெயரில் எழுதி வைத்திருக்கிறான். அவளும் நீட்டிய தாளிலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறாள். ஒருநாள் படிக்கிறாள். பிறகு கையெழுத்துப் போட மறுக்கிறாள்.

படிக்காமல் கையெழுத்துப் போட்ட பெண். ஹாலிடே 1952இல் செனட் குழுவின் முன் போய் நின்றபோது அவர் மீதிருந்த புகாரின் சாரமும் இதுதான். விதி இப்படியெல்லாம் விளையாடும் என்று ஒரு கதாசிரியன் எழுதினால் நாம் நம்ப மாட்டோம்.

அந்த வேடம் முதலில் ஜீன் ஆர்தருக்கு. நியூயார்க்குக்கு வருமுன் வெளியூர்களில் ஒத்திகை போலப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கட்டத்தில் அவர் விலகிவிட்டார். பிலடெல்பியாவில் மேடை காத்திருந்தது, ஹாலிடேயைக் கூப்பிட்டார்கள். மூன்றே நாளில் முழு வேடத்தையும் பாடம் பண்ணினார் என்பார்கள். 1946 பிப்ரவரி 4 அன்று பிராட்வேயில் லைசியம் தியேட்டரில் நாடகம் தொடங்கியது. 1,642 காட்சிகள் ஓடியது. நாடகத்தின் தயாரிப்பாளர் பெயர் மாக்ஸ் கார்டன். வேன்கார்டு விடுதி முதலாளியின் பெயரும் மாக்ஸ் கார்டன். இருவரும் வேறு வேறு ஆட்கள். ஹாலிடேயின் வாழ்க்கையைப் படிக்கும் யாரும் ஒரு முறையாவது இதில் குழம்பாமல் போவதில்லை.

கொலம்பியா பிக்சர்ஸின் தலைவர் ஹாரி கோன் திரைப்பட உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் மலைக்க வைக்கும் விலை. நாடகத்தை வாங்கியவருக்கு அதன் நாயகி வேண்டாம். அவருடைய உடல்வாகையும் யூதப் பிறப்பையும் சேர்த்து இழிவாகப் பேசியதாகச் சொல்வார்கள். கோனும் யூதர்தான், ஹாலிவுட் முதலாளிகளின் மனக்கணக்கு அப்படி இருந்தது. நாடகத்தில் வரும் முரட்டு ஹாரி பிராக், ஹாரி கோனைப் பார்த்தே வார்க்கப்பட்டவன் என்பது அன்றே ஊரறிந்த ரகசியம். இதையும் தெரிந்துகொண்டுதான் பணம் கொடுத்தாரா என்று நினைக்கத் தோன்றுகிறது.

கோனின் மனத்தை மாற்ற நண்பர்கள் சிலர் கூடி ஒரு வேலை செய்தார்கள். கேனினும் அவர் மனைவி ரூத் கார்டனும் எழுதி, ஜார்ஜ் கியூக்கர் இயக்கி, கேத்தரின் ஹெப்பர்னும் ஸ்பென்சர் டிரேசியும் நடித்த ‘ஆடம்ஸ் ரிப்’ படத்தில் ஹாலிடேக்கு ஒரு வேடம் கொடுத்தார்கள். 1949இல் வந்தது. துரோகம் செய்த கணவனைப் பின்தொடர்ந்து போய்ச் சுட்டுவிட்டுச் சிறையில் இருக்கும் டோரிஸ் என்ற பெண் அவர். வழக்கறிஞராக வரும் ஹெப்பர்ன் அவரை விசாரிக்கும் காட்சி வெட்டே இல்லாமல் நீளுகிறது. காமிராவின் கண் ஹாலிடேயின் முகத்தில்தான். படத்தின் பெரிய நட்சத்திரமோ ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார். ஹெப்பர்ன் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்த இடம் அது. ஒரு நட்சத்திரம் இன்னொரு நடிகைக்காக இப்படி ஒதுங்கி உதவிய காட்சி வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

அந்தக் காட்சியில் ஓர் இடம். சுட்ட பிறகு எப்படி இருந்தது என்று வழக்கறிஞர் கேட்கிறார். பசித்தது என்கிறாள் டோரிஸ்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேள்வி கேட்டவர் எதிர்பார்ப்பது குற்ற உணர்ச்சியோ பயமோ வெறியோ. வருவது வயிற்றைப் பற்றிய பதில். டோரிஸ் பொய் சொல்லவில்லை. கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் இல்லை. கேட்ட சொல்லுக்கு நேர்ப்பதில் சொல்கிறாள். அந்த நேர்ப்பதிலிலேயே கேள்வியின் பின்னால் இருந்த பொறி செயலற்றுப் போகிறது. ஹாலிடேயின் கலை இந்த இடத்தில்தான் இருக்கிறது. கீச்சுக் குரலையும் அகல விழித்த கண்களையும் ஓரளவு பயிற்சி உள்ள யாரும் போட்டுவிடலாம்.

பில்லியின் வேடம் கிடைத்தது. 1950 டிசம்பரில் வந்த ‘பார்ன் யெஸ்டர்டே’ படத்தில், பிராக்காக வரும் பிராடெரிக் கிராஃபர்டோடு ஜின் ரம்மி ஆடும் காட்சியை இன்றும் நடிப்புப் பழகுபவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பேச்சே இல்லை. சீட்டு ஒவ்வொன்றாக வருகிறது. கையில் அவற்றை விசிறி போல விரிக்கிறார். ஒன்றை உருவி இங்கே செருகுகிறார், இன்னொன்றை அங்கே. திருப்தி இல்லாமல் முழுக் கையையும் மறுபடி அடுக்குகிறார். வாய்க்குள் ஒரு பாட்டு முனகல். எதிரே இருக்கிறவனுக்கு அந்த முனகலே பாதி நரம்பைத் தின்றுவிடுகிறது. பிறகு எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் சீட்டைக் கீழே வைத்து ‘ஜின்’ என்கிறார். மறு ஆட்டம், மறுபடி ஜின். அசடு என்று எல்லாரும் முடிவு கட்டிய பெண் ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்துக்கொண்டே இருக்கிறாள்; எதிராளியோ அவள் அசடு என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்வதே இல்லை.

151 பெயர்கள்

படம் வெளிவருமுன்பே இன்னொன்று வெளிவந்திருந்தது. 1950 ஜூன் 22 அன்று ‘கவுன்டர்அட்டாக்’ என்ற கம்யூனிச எதிர்ப்புச் செய்திமடலை நடத்தியவர்கள் ‘ரெட் சேனல்ஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். வானொலி, தொலைக்காட்சி உலகைச் சேர்ந்த 151 பேர். ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே அவர் எந்தெந்த மனுவில் கையெழுத்திட்டார், எந்தக் கூட்டத்துக்கு ஆதரவு கொடுத்தார் என்ற பட்டியல். ஆர்சன் வெல்ஸ் இருந்தார். வேன்கார்டில் பியானோ வாசித்த பெர்ன்ஸ்டைன் இருந்தார். ஆர்தர் மில்லர், லீனா ஹார்ன், டோரதி பார்க்கர் இருந்தார்கள். ஜூடி ஹாலிடேயும் இருந்தார்.

யாரும் குற்றம் செய்ததாக அந்தப் புத்தகம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நிகழ்ச்சி தயாரிக்கும் நிறுவனத்தின் மேசையில் அது கிடந்தால் போதும். பெயர் இருப்பவருக்கு அழைப்பு வராது, ஏன் வரவில்லை என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். எஃப்பிஐ ஹாலிடேயைத் தனியாக மூன்று மாதம் துருவியது. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று கோப்பை மூடியது. கோப்பு மூடியதால் பட்டியலிலிருந்து பெயர் அழியவில்லை.

1951 மார்ச் 29 இரவு ஆஸ்கர் விழா ஹாலிவுட்டில். ஹாலிடே நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் குளோரியா ஸ்வான்சன். அவரும் அதே விருதுக்கான போட்டியில் இருந்தவர். ‘சன்செட் புலவார்ட்’ படத்துக்காக எல்லாரும் அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘ஆல் அபவுட் ஈவ்’ படத்துக்காக பெட்டி டேவிஸும் ஆன் பேக்ஸ்டரும், ‘கேஜ்டு’ படத்துக்காக எலினோர் பார்க்கரும் போட்டியில் இருந்தார்கள். விருது ஹாலிடேக்கு. அதே மேசையில் இருந்த ஹோசே ஃபெரருக்குச் சிறந்த நடிகர் விருது. அவர் மீதும் அப்போது இதே சந்தேகம் இருந்தது. ஆண்டின் சிறந்த நடிகரும் நடிகையும் ஒரே மேசையில், இருவரும் விசாரணையின் வாசலில்.

ஹாலிடேயின் படம் ஓடிய அரங்குகளுக்கு வெளியே மறியல் நடந்தது. சம்மன் வந்தது.

நான்காவது கதவு

1952இல் இப்படிப்பட்ட குழுவின் முன் போனவருக்கு என்னென்ன வழிகள் இருந்தன என்று பார்க்காமல் அவருடைய சாட்சியத்தை எடைபோட முடியாது.

பதில் சொல்ல மாட்டேன், என் கருத்து என் உரிமை என்று நிற்கலாம். ‘ஹாலிவுட் பத்துப் பேர்’ என்று பெயர் பெற்ற திரைத்துறையினர் அப்படி நின்று 1950இல் சிறைக்குப் போனார்கள். அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தத்தைக் காட்டி, தன்னையே குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். சிறை இல்லை, ஆனால் வேலையும் இல்லை. மூன்றாவது, மனம் திருந்தியவராகப் பெயர்களைச் சொல்வது.

என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று ஏன் நடுவில் நிற்க முடியவில்லை? 1951இல் உச்ச நீதிமன்றம் ரோஜர்ஸ் வழக்கில் அந்த வழியை அடைத்துவிட்டது. தன்னைக் குற்றத்தில் சேர்க்கும் உண்மையை வாயைத் திறந்து ஒப்புக்கொண்டவர், பிறகு அது சம்பந்தமான விவரங்களுக்கு ஐந்தாம் திருத்தத்தின் பின்னால் ஒளிய முடியாது என்று தீர்ப்பு. முதல் பதிலிலேயே கதவு சாத்திக்கொள்ளும்.

ஹாலிடேக்கு முன்னாள் கூட்டாட்சி நீதிபதி சைமன் ரிஃப்கைண்ட் வழக்கறிஞராக வந்தார். வெகுளியாக நடந்துகொள்ளும்படி அவருக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. வெகுளி என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இது சட்ட நுட்பமும் சேர்ந்த ஏற்பாடு. பதில் சொல்ல மறுக்காதவரை நாடாளுமன்ற அவமதிப்பு வழக்கு வராது. கட்சிச் சார்பு எதையும் ஒப்புக்கொள்ளாதவரை மற்றவர்களைப் பற்றிய கேள்விக்கு வேர் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஒற்றையடிப் பாதை: ஆமாம், என் பெயர் அங்கே இருக்கிறது; எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர் குழுவின் பணியாளர் இயக்குநர் ரிச்சர்ட் ஏரன்ஸ். இந்த அமைப்பு தெரியுமா, அந்தத் தந்தி அனுப்பினீர்களா, இந்த மாநாட்டுக்குப் பெயர் கொடுத்தீர்களா. பதில்கள் தயங்கித் தயங்கி வந்தன. போனில் யாரோ கூப்பிடுவார்கள், நல்ல காரியம் என்பார்கள், சரி என்றுவிடுவேன். ஒரு கட்டத்தில், தன்னைத் தானே துப்பறிய ஆள் அமர்த்தியிருந்ததாகச் சொன்னார். உங்களை விசாரிக்க நீங்களே ஆள் வைத்தீர்களா என்று கேட்டார்கள். நிச்சயமாக, நான்தான் பெரிய வம்பில் மாட்டிக்கொண்டேனே என்றார். டோரிஸுக்குப் பசித்த அதே பதில்.

தன்னைப் பொறுப்பில்லாதவள் என்றும், கொஞ்சம், இல்லை, கொஞ்சத்துக்கும் மேலேயே முட்டாள் என்றும் அவரே சொல்லிக்கொண்டார். சாமர்த்தியக் கதையாகச் சொல்பவர்கள் இந்த இடத்தைச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகிறார்கள். என்னால் முடியவில்லை. தன் வீட்டில் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்த கூட்டங்களையும் கையெழுத்துகளையும், தான் நம்பிய காரியங்களையும், ஒரு பெண்ணின் கவனக்குறைவு என்று அவரே எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. தெரிந்து போட்ட கையெழுத்துகளையும் தெரியாமல் போட்டதாகச் சொன்னார் என்றே நினைக்கிறேன்.

பிறகு பெயர்கள். காம்டன், கிரீன் பற்றி வந்தது கேள்வி. ஒன்றாக நிலவறையில் பட்டினி கிடந்து எழுதிய நண்பர்கள். அவர்கள் கம்யூனிஸ்டுகள் இல்லை என்று உறுதியாகத் தெரியுமா என்று கேட்டபோது ஹாலிடே சொன்னது: நானல்லாத இன்னொருவரைப் பற்றி எவ்வளவு உறுதியாக இருக்க முடியுமோ அவ்வளவு உறுதி.

அசட்டுப் பெண் சொல்லும் பதிலா இது? அன்றைய அறையில் இருந்த வழக்கறிஞர்கள் எவரும் இதைவிடக் கச்சிதமாக ஒரு வாக்கியத்தைக் கட்டியிருக்க முடியாது. நண்பர்களை விட்டுக்கொடுக்கவில்லை, பொய்ச் சாட்சி என்று பிடிக்க ஒரு நூலிழையும் இல்லை, அடுத்த கேள்விக்கும் இடமில்லை. வேடம் ஒரு கணம் விலகி உள்ளே இருந்த ஆள் தெரிந்துவிட்டுப் போகிறார். கேட்டவர்கள் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஹாரி பிராக்கும் பார்க்கவில்லை அல்லவா.

நேர்மையாகச் சொன்னால் ஒரு பெயர் வந்தது. தாய்மாமன் ஒருவர் முன்பு கம்யூனிஸ்டாக இருந்து பின்பு கடும் எதிர்ப்பாளராக மாறினார் என்றார். அந்தத் தாய்மாமன் அப்போது உயிரோடு இல்லை. உயிரோடு இருந்து வேலை இழக்கக்கூடிய எவர் பெயரும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

யார் காப்பாற்றினார்கள்

நடிப்பால் தப்பினார் என்பது பாதிக் கணக்கு. அதே குழுவின் முன் அதே வசந்தத்தில் நின்ற மற்றவர்களைப் பார்த்தால் மீதி தெரியும்.

ஃபிலிப் லோப் பழம்பெரும் நாடக நடிகர். ‘தி கோல்ட்பெர்க்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் குடும்பத் தலைவராக நடித்தவர். அவர் பெயரும் ‘ரெட் சேனல்ஸ்’ பட்டியலில் இருந்தது. குழுவின் முன் தான் கட்சி உறுப்பினர் இல்லை என்று சாட்சி சொன்னார். அவர் முகத்தை ஒவ்வொரு வாரமும் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது ஓர் உணவுப்பொருள் நிறுவனத்தின் விளம்பரப் பணம். அது போனதும் எல்லாம் போயிற்று. 1955 செப்டம்பர் 1 அன்று நியூயார்க் ஹோட்டல் அறை ஒன்றில் தூக்க மாத்திரை விழுங்கி உயிரை விட்டார். பாடகர் பர்ல் ஐவ்ஸ் பெயர்களைச் சொன்னார். வேலை தொடர்ந்தது, பழைய நண்பர்கள் பலர் பேச்சை நிறுத்தினார்கள்.

வித்தியாசம் எங்கே? படத்துக்கு டிக்கெட் வாங்குபவர் ரசிகர். தொலைக்காட்சிக்குப் பணம் கொடுப்பவர் சோப்பும் காப்பியும் விற்கும் கம்பெனி. சிராகியூஸ் நகரில் பல்பொருள் அங்காடிகள் வைத்திருந்த லாரன்ஸ் ஜான்சன் என்பவர், பட்டியலில் உள்ள நடிகரை வைத்து விளம்பரம் செய்தால் உங்கள் பொருளை என் கடையில் என்ன செய்வேன் பாருங்கள் என்று கம்பெனிகளை மிரட்டியே பல நிகழ்ச்சிகளின் வாயை அடைத்தார். ஹாலிடேக்கும் வானொலியும் தொலைக்காட்சியும் ஏறத்தாழ மூன்று ஆண்டு மூடிக்கிடந்தன. செனட் அறையில் ஜெயித்த நடிப்பு அங்கே செல்லுபடியாகவில்லை.

திரைப்படத்தில் அவருக்கு எதிர்த் தட்டில் ஹாரி கோனின் பணம் இருந்தது. பத்து லட்சம் டாலர் போட்ட சொத்து. அவரைக் கழுவி எடுக்க கொலம்பியா அமர்த்திய ஆலோசகர் கென்னத் பயர்லி. ‘கவுன்டர்அட்டாக்’ நிறுவனத்தைத் தொடங்கிய மூன்று முன்னாள் எஃப்பிஐ ஆட்களில் ஒருவர். கறை பூசும் தொழிலும் கறை நீக்கும் தொழிலும் ஒரே வீட்டு வாசலில் நடந்தன. லோபுக்கு இப்படி யாரும் காசு செலவழிக்கவில்லை.

ஆகவே என் கணக்கு இப்படி: வேலையைக் காப்பாற்றியது முதலாளியின் பணம். நண்பர்களைக் காப்பாற்றியதுதான் அந்த நடிப்பு. பின்னால் ஹாலிடே நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பில்லி டானாக நடித்ததற்காக நீ என்னைப் பற்றி வெட்கப்படலாம், நான் பெயர்களைச் சொல்லவில்லை என்பதால் வெட்கப்படவில்லை, அந்த அளவாவது காப்பாற்றிக்கொண்டேன் என்று எழுதியதாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாமர்த்தியக் கதையை முதலில் நம்ப மறுத்தவர் அவரேதான்.

மணி ஒலித்த காலம்

படங்கள் வந்தன. ‘இட் ஷுட் ஹாப்பன் டு யூ’ 1954இல். ஜாக் லெமன் என்ற புது நடிகருக்கு அதில் முதல் பெரிய வேடம். ‘தி சாலிட் கோல்ட் காடிலாக்’ 1956இல். எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே பெண்: கூட்டத்தில் யாரும் கேட்காத எளிய கேள்வியைக் கேட்டு, பெரிய மனிதர்களைத் தடுமாற வைப்பவள். அலுத்துவிட்டது என்று அவரே சொன்னாலும் கேட்கிற முதலாளி இல்லை.

1956 நவம்பர் 29 அன்று ஷூபர்ட் தியேட்டரில் ‘பெல்ஸ் ஆர் ரிங்கிங்’ இசை நாடகம் தொடங்கியது. எழுதியவர்கள் காம்டனும் கிரீனும், அவருக்காகவே எழுதினார்கள். செனட் அறையில் யாரைக் காத்தாரோ அவர்கள் கொடுத்த மேடை. நாயகி எல்லா, சந்தாதாரர்களின் தொலைபேசி அழைப்புகளை வாங்கிச் சொல்லும் நிறுவனத்தில் சுவிட்ச்போர்டு முன் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒவ்வொரு குரல் போடுகிறாள். பதினெட்டு ஆண்டு முன் மெர்க்குரி தியேட்டரில் விட்டு வந்த நாற்காலி மேடை நடுவுக்கு வந்திருந்தது. கதையில் ஒரு போலீஸ் அதிகாரி, இந்த நிறுவனம் ஏதோ தகாத தொழிலுக்கு முகமூடி என்று சந்தேகப்பட்டு அவளைக் கண்காணிக்கிறார். ஒன்றுமறியாத பெண்ணைத் துப்பறியும் அரசாங்கம்: காம்டனும் கிரீனும் இதை யோசிக்காமலா எழுதியிருப்பார்கள்?

இயக்கியவர் ஜெரோம் ராபின்ஸ். அவரும் 1953 மே மாதம் கீழவையின் விசாரணைக் குழு முன் போனவர். எட்டுப் பேர் பெயரைச் சொன்னவர். பெயர் சொன்னவர் நடன அசைவு சொல்லித்தர, சொல்லாதவர் ஆடினார். ஒத்திகையின்போது அவர்களுக்குள் இது பற்றிப் பேச்சு வந்ததா என்று அறிய எனக்கு மிகவும் ஆசை. அந்தக் காலத்து நாடக உலகில் இப்படி எத்தனையோ அறைகள் இருந்தன. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எட்டு மணிக்குத் திரை தூக்க வேண்டும்.

924 காட்சிகள். 1957 டோனி விருதில் ‘மை ஃபேர் லேடி’யின் ஜூலி ஆண்ட்ரூஸையும் எத்தல் மெர்மனையும் தாண்டி விருது பெற்றார். 1960இல் வின்சென்ட் மினெல்லி அதையே படமாக எடுத்தார். அதுவே அவருடைய கடைசிப் படம்.

அசட்டுப் பெண்ணை உதறிவிட ஒரே ஒரு முறை உண்மையாக முயன்றார். பழைய மேடை மேதை லாரெட் டெய்லரின் வாழ்க்கையைச் சொல்லும் ‘லாரெட்’ நாடகம், 1960இல். பிராட்வே வருமுன்னே நின்றுபோனது. தொண்டை அடைத்தது, குரல் போனது, பிறகு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. 1963இல் ‘ஹாட் ஸ்பாட்’ என்ற இசை நாடகத்தோடு திரும்பி வந்தார். 43 காட்சிகளில் மூடினார்கள். 1965 ஜூன் 7 அன்று நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். 44ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது.

கடைசி ஆண்டுகளில் ஜாஸ் இசைக்கலைஞர் ஜெர்ரி மல்லிகனோடு வாழ்ந்தார். அவர் மெட்டுக்கு இவர் வரி எழுதினார். 1961இல் இருவரும் சேர்ந்து பதிவு செய்த பாடல்கள் பெட்டியிலேயே கிடந்து, 1980இல்தான் இசைத்தட்டாக வந்தன. அதில் பில்லியின் கீச்சுக் குரல் எங்கும் இல்லை. தாழ்ந்த, சற்றே தயங்கும் ஒரு குரல், தான் எழுதிய சொற்களை அவசரப்படாமல் பாடுகிறது.